குண்டூசியில் நின்ற சீட்டு

ஆகஸ்டு மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் தீவிலிருந்து ஒரு கப்பல் புறப்படும். அக்கரையிலுள்ள ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கும் எங்கள் கெர்கென்னா தீவுக்கும் நடுவே தினமும் அல்லாடுகிற அதே துருப்பிடித்த கப்பல்தான். ஆனால் அன்றைக்கு அது தீவின் ஆண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். பிரான்சு, இத்தாலி, ஜெர்மனி என்று பிழைக்கப் போனவர்கள் ஆகஸ்டில் வந்து, ஒரு கல்யாணம் முடித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பெண்டாட்டியோடு இரண்டு சண்டையும் போட்டுவிட்டு, காரின் தலையில் கம்பளமும் காய்ந்த எட்டுக்கால் பேய்க்கணவாயும் கட்டிக்கொண்டு திரும்பிப் போவார்கள். மறுநாள் காலையில் எங்கள் ஊர் ரம்லாவின் கடைத்தெருவைப் பார்த்தால் பந்தல் பிரித்த இடம் மாதிரி இருக்கும். குழி மட்டும் மிச்சம்.

அந்த வாரத்தில்தான் ஸிஹாம் என் கடைக்கு வருவாள்.

நான் ஸ்ஃபாக்ஸ் துணிக்கடைத் தெருவில் பிறந்தவன். என் வாப்பா வாயைத் திறந்தால் விலைதான் வரும். எனக்கு ஹம்மாதி என்று பெயர் வைத்ததே மூன்று பெயரைப் பேரம் பேசி இறக்கிய பிறகுதான் என்று உம்மா சொல்வாள். பெண் எடுத்த இந்தத் தீவிலேயே கடை வைத்து முப்பது வருஷமாகிறது. காகிதம், நூல், பொத்தான், பசை. வாப்பா கொடுத்த துணி வெட்டும் மேசை கடை நடுவில் கிடக்கிறது. அதன் ஓரத்தில் பித்தளை அளவுகோல் அறைந்திருக்கும். தீவிலேயே நீளமான மேசை அதுதான். ஒரு வருஷத்தை முழுசாக விரித்துப் பார்க்க வேறு இடம் இல்லை என்பதால் ஸிஹாம் அங்கே வருவாள்.

அவள் பாலர் பள்ளி நடத்துகிறாள். ஒரே அறை, பதினாலு பிள்ளைகள், நாலு வயசும் அஞ்சு வயசும். அவளுடைய மகள் மராமும் அதில் ஒருத்தி.

"அண்ணே, மேசையைக் காலி பண்ணுங்க. வருஷம் வந்துருச்சு."

"வரட்டும். எங்க போயிரப் போகுது? முதல்ல உக்காருங்க டீச்சரம்மா. புதினா போட்டுத் தேத்தண்ணி சொல்றேன்."

பழுப்புத் தாளை விரித்து, செப்டம்பரிலிருந்து ஜூன் வரை பத்துக் கட்டம் போட்டாள். பையிலிருந்து படச் சீட்டுகளை எடுத்துப் பரப்பினாள். ஒரு சீட்டு ஒரு பொருள். அந்த மாதம் முழுக்கப் பாட்டு, கதை, எண்ணிக்கை, களிமண், வர்ணம் எல்லாம் அதைச் சுற்றித்தான். பெரிய ஊர்க்காரர்கள் அச்சடித்து அனுப்பிய பட்டியல் ஒன்றும் கூடவே இருந்தது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவள் புருவம் சுருங்கும்.

"'இலையுதிர் காலம். பிள்ளைகள் உதிர்ந்த இலைகளைச் சேகரிப்பார்கள்.' எங்க போய்ச் சேகரிக்கிறது அண்ணே?"

"பேரீச்ச மரத்துக்கு அடியில நிக்க விடுங்க. மட்டை விழும், பொறுக்கிக்கலாம்."

"பதினாலு பிள்ளைக்கும் பதினாலு மண்டைதான் இருக்கு. வேணாம்." இலைச் சீட்டை ஓரத்தில் தள்ளினாள். "அக்டோபருக்கு வீடு. மண் கலயத்தைக் கயித்துல கட்டிக் கடல்ல இறக்குறாங்கல்ல, பேய்க்கணவாய் இது நம்ம வீடுன்னு நெனச்சு தானா போய் உக்காந்துக்கும். பிள்ளைங்க களிமண்ல கலயம் செய்யும். உள்ளே, வெளியே. ஒண்ணு, ரெண்டு, ஏழு வரைக்கும் எண்ணும்."

"அப்புறம் அதைப் பிடிச்சுக் கல்லுல அடிச்சுக் காயப்போடுறது?"

"அது ஆறு வயசுக்கு மேல. பெரிய பள்ளிக்கூடத்துக்காரங்க சொல்லிக் குடுக்கட்டும்."

நவம்பருக்கு மீன்வேலி: ஆழமில்லாத கடலில் பேரீச்சை மட்டையை வரிசையாக நட்டு மீனை மடக்குகிற வேலி. நெட்டை, குட்டை, நீளம், அகலம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். டிசம்பருக்குக் காற்றும் மழையும். ஜனவரிக்கு ரொட்டி. ஒவ்வொன்றாகப் பசை தடவி ஒட்டிக்கொண்டே போனாள். நோன்புச் சீட்டுக்கு மட்டும் பசை கிடையாது. போன வருஷத் தாளில் அது இருந்த இடத்தைப் பார்த்து, பித்தளைக் கோலில் பதினோரு நாள் அளந்து இடப்பக்கம் நகர்த்தி, குண்டூசி குத்துவாள். பிறை தெரிந்தால்தான் பெருநாள். பிறைக்குப் பசை தடவ முடியுமா?

கடைசியில் ஒரு சீட்டு அவள் கையிலேயே நின்றது. குடும்பம்.

அச்சடித்த பட்டியலில் அதுதான் முதல். செப்டம்பர்: 'நானும் என் குடும்பமும்.' பட்டியல் எழுதிய புண்ணியவானுக்கு எங்கள் கப்பல் தெரியாது. போன செப்டம்பரில் ஸிஹாம் அதன்படியே செய்தாள். குடும்பத்தை வரையுங்கள் என்றாள். உம்மா வந்தாள், தம்பி வந்தான், ஆடுகூட வந்தது. வாப்பா இருக்க வேண்டிய இடத்தில் எட்டுப் பிள்ளைகள் கப்பல் வரைந்தன. புகைபோக்கியோடு. அதைப் பார்த்து ஒரு பிள்ளை அழ, மற்றதும் அழ, அன்றைக்கு மதியம் வரை அந்த அறைக்குள் யாரும் போக முடியவில்லை. மராம் மட்டும் அழவில்லை. அவள் தன் தாளில் அந்த இடத்தைச் சும்மா விட்டிருந்தாள்.

அவள் வாப்பா லம்ஜத், அவள் தவழக்கூட ஆரம்பிக்காதபோது படகேறி இத்தாலிக்குப் போனவன். ஜெனோவாவில் தளக்கல் பதிக்கிறான். மற்றவர்களைப் போல ஆகஸ்டில் வந்து ஆகஸ்டில் போக அவனால் முடியாது. அதற்கு, அங்கே குடியிருக்க அனுமதிக்கிற ஒரு காகிதம் வேண்டும். என் கடையில் முப்பது வகைக் காகிதம் உண்டு; அந்த ஒன்று மட்டும் கிடையாது.

"இதுக்கும் குண்டூசி குடுங்க," என்றாள். "டிசம்பர்ல குத்துறேன். காகிதம் வந்துரும்னு வக்கீல் சொல்லியிருக்காராம். ஊருக்கு வந்ததும் ஒரு வாரம் பள்ளிக்கூடத்துல வந்து குட்டி நாற்காலில உக்காருறேன்னு மராம் வாப்பா சொல்லியிருக்காரு. ஒன்பது பிள்ளைக்கும் நானே வாப்பான்னு சிரிச்சாரு."

"மத்த அஞ்சு பிள்ளைக்கு இங்கயே வாப்பா இருக்காங்களே. மீன்பிடிக்கிற கூட்டம். மதியம் கரைக்கு வந்துருவாங்க. அதுல ஒருத்தரைக் கூப்பிட்டு உக்கார வைக்கலாமே?"

"அஞ்சு பிள்ளை மடியில உக்காரும். ஒன்பது பிள்ளை பாத்துக்கிட்டு நிக்கும். அது நல்லா இருக்குமா?"

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் கடைத்தெருவில் வளர்ந்தவன். வாங்க வருகிறவர் எந்தத் துணியைத் தொடாமல் தொடாமல் பார்க்கிறாரோ அதுதான் அவருக்கு வேண்டிய துணி. அட்டையிலிருந்து இன்னொரு குண்டூசி எடுத்துக் கொடுத்தேன்.

டிசம்பரில் மழை வந்தது. லம்ஜத் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வர்ணத்தூள் கொடுக்கப் போனபோது பார்த்தேன், சீட்டு ஜனவரி நடுவுக்கு நகர்ந்திருந்தது.

"ஜனவரியாமா?"

"அங்க ஆபீஸ்லாம் அவங்க பண்டிகைக்கு மூடிட்டாங்களாம் அண்ணே."

ஜனவரி கடைசியில் மேற்பார்வையாளர் ஃபௌஸியா ஸ்ஃபாக்ஸிலிருந்து வந்தார். நல்ல பெண்மணி. ஆனால் கப்பல் ஒத்துக்கொள்ளாது. இறங்கும்போது முகம் எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருக்கும். அன்றைக்கு நான் பசை டப்பாவோடு பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தற்செயல் என்று சொல்ல மாட்டேன். பேரம் நடக்கிற இடத்தை என் கால் தானாகவே கண்டுபிடித்துவிடும்.

அவர் சுவரில் தொங்கிய தாளுக்கு முன்னால் நின்றார்.

"குடும்பம் எங்கம்மா?"

"இதோ இருக்கு மேடம். பிப்ரவரில."

"டிசம்பர்னுதானே எழுதி அனுப்பியிருந்தீங்க?"

"நகர்ந்துருச்சு."

"குடும்பம் நகருமா?"

"எங்க ஊர்ல அதுதான் நகரும் மேடம். மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கும்."

ஸிஹாம் போன வருஷப் படங்களை எடுத்துக் காட்டினாள். ஃபௌஸியா எட்டுக் கப்பலையும் பொறுமையாகப் புரட்டினார்.

"புரியுது. ஆனா இது முதல் பாடம்மா. இது இல்லாம வருஷத்தை முடிச்சா, முடிச்சதா நான் எழுத முடியாது. எழுதலன்னா அடுத்த வருஷ அனுமதி இழுக்கும். அடுத்த மாசக் கடைசிக்குள்ள முடிங்க."

"பிள்ளைங்க பட்டம் வாங்கிட்டுப் போற வரைக்கும் டைம் குடுங்க மேடம்," என்றேன் நான் பசை டப்பாவுக்குப் பின்னாலிருந்து.

"நீங்க யாரு?"

"பசை விக்கிறவன்."

"பசை ஒட்டணும், பேசக்கூடாது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "சரி. பள்ளி மூடுறதுக்குள்ள. ஜூன். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

வெளியே வந்ததும் ஸிஹாம் என்னை முறைத்தாள். "ஜூன் வரைக்குமா கேட்டேன் நான்? அவரு அடுத்த மாசம் வந்துருவாரு."

"கேக்கும்போது அதிகமாத்தான் கேக்கணும் டீச்சரம்மா. மிச்சம் இருந்தா கெட்டுப் போகாது."

மிச்சம் இருக்கவில்லை. பிப்ரவரிக்கு ஏதோ ஒரு முத்திரை பாக்கி. பிறகு நோன்பு வந்தது. சின்னப் பிள்ளைகள் காலை பத்து மணி வரை நோன்பு பிடித்து, பதினொன்றுக்கு ரொட்டி தின்று, மதியத்தில் இன்னொரு நோன்பு பிடித்தன. ஸிஹாம் அதை ஒரு பாட்டாகவே ஆக்கிவிட்டாள். பிறை ஒரு நாள் தள்ளித்தான் தெரிந்தது. நோன்புச் சீட்டு ஒரு விரற்கடை நகர்ந்தது. குடும்பச் சீட்டு அதற்குப் பக்கத்தில், பெருநாள் வாரத்தில், காத்துக்கொண்டு நின்றது.

பெருநாள் காலையில் ஸிஹாம் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு அனுப்பினாள். உப்புமீன், கூடவே உலர்திராட்சையும் வெங்காயமும் நாளெல்லாம் வெந்து கறுத்த குழம்பு. என் வீட்டுக்காரி ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"ரெண்டு பேருக்கு இத்தனை சமைச்சிருக்காளே," என்றாள். "இது மூணு பேர் குழம்புங்க."

நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம்.

ஏப்ரல். மே. சீட்டு ஜூன் கட்டத்துக்கு வந்து, தாளின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

மே மாதத்தில் ஒருநாள் மதியம், படகு செய்ய நீலத்தாள் கேட்டிருந்தாள் என்று கொண்டுபோனேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டன. ஸிஹாம் தரையில் சிந்திய மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மராம் அவள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றினாள். திரையில் லம்ஜத். வேலைக்கு நடுவில் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது. புருவத்தில் சிமெண்டு தூள், பின்னால் யாரோ கல் அறுக்கிற சத்தம்.

"இது எங்க மீன்வேலி வாப்பா. இது என் கலயம். இது விரிஞ்சு போச்சு, ஆனா என்னோடது. இது வருஷம்."

"எவ்வளவு பெரிய வருஷம். ஆமா கண்ணு, தாள்ல என்ன புள்ளி புள்ளியா இருக்கு? பூச்சி அரிச்சிருக்கா?"

"பூச்சி இல்ல. உம்மா குத்துனது." மராம் நாற்காலியில் ஏறிக் கைப்பேசியைத் தாளுக்கு அருகே கொண்டுபோனாள். "இது நீங்க மழைக்கு வர்றேன்னது. இது ரொட்டிக்கு வர்றேன்னது. இது காத்தாடிக்கு. இது பெருநாளைக்கு. இது பூவுக்கு. இது படகுக்கு. இதுல ஊசி இருக்கு, இது இன்னும் ஓட்டை ஆகல." கலயத்தில் கற்றுக்கொண்ட எண்ணிக்கையை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். "ஏழு வாப்பா."

லம்ஜத் கல் அறுக்கிற சத்தத்தை விட்டுத் தள்ளி நடந்தான்.

"உம்மாகிட்ட குடு கண்ணு."

ஸிஹாம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வாங்கினாள். நான் வெளியே போயிருக்க வேண்டும். நீலத்தாளை எண்ணத் தொடங்கினேன். ஐம்பது தாள், கடையிலேயே இரண்டு முறை எண்ணியதுதான்.

"ஸிஹாம், எனக்குத் தேதி இல்ல."

"ஜூன்னு சொன்னீங்க."

"எப்பவுமே இருந்ததில்ல. டிசம்பர்லயே வக்கீல் சொல்லிட்டாரு, மனுவைத் தள்ளுபடி பண்ணிட்டாங்கன்னு. மறுபடி போட்டிருக்கு. ரெண்டு வருஷமும் ஆகலாம். இப்ப வந்தேன்னா வந்ததுதான், திரும்ப இங்க வர முடியாது. நீ கேக்கும்போது வாயில வந்த மாசத்தைச் சொன்னேன்."

"ஏழு தடவையா?"

"நீ எந்த மாசத்துல குத்தட்டும்னு கேப்பியே, அப்ப அந்தச் சுவத்துல எனக்கும் ஒரு எடம் இருக்குன்னு தோணும். இல்லன்னு சொன்னா சீட்டை எடுத்துருவியோன்னு..."

ஸிஹாம் அவனைத் திட்டுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் திட்டியிருப்பேன். அவள் கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"புருவத்துல தூசி இருக்கு," என்றாள். "தொடைங்க. சாப்ட்டீங்களா?"

"இனிமேதான்."

"சாப்பிடுங்க. ஆறிரும்."

மறுநாள் காலையில் தாளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"மேசை வேணும் அண்ணே. இதே பழுப்புல ஒரு துண்டு குடுங்க. ரெண்டு கட்டம் அகலம்."

வெட்டிக் கொடுத்தேன். ஜூன் கட்டத்தின் ஓரத்தில் அதை ஒட்டினாள். பென்சிலால் ஜூலை என்று எழுதினாள், ஆகஸ்டு என்று எழுதினாள்.

"ஆகஸ்டுல பள்ளிக்கூடம் ஏது டீச்சரம்மா?"

"வாப்பாக்கள் இருக்கிற மாசத்துல குடும்பம் சொல்லிக் குடுக்காம, இல்லாத மாசத்துல சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கோம். ஒரு வாரம் திறக்கிறேன். நேத்து சாயங்காலமே அந்தம்மாகிட்ட போன்ல பேசிட்டேன்."

"எந்த அம்மா?"

"ஃபௌஸியா மேடம். ஜூனுக்கு மேல ஒரு நாள் கிடையாதுன்னு முதல்ல கத்துனாங்க. அப்புறம் யோசிச்சாங்க. நானே வந்து பாத்தாத்தான் எழுதுவேன்னாங்க. பார்லி ரவைக் கூஸ்கூஸ், பேய்க்கணவாய் போட்டுச் சமைக்கிறேன்னேன். கப்பல்ல வாந்தி வரும், பரவால்ல வர்றேன்னாங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. இதைவிட நன்றாக என் வாப்பாவே முடித்திருக்க மாட்டார்.

ஜூனிலிருந்து சீட்டைப் பிடுங்கி ஆகஸ்டுக்கு நேரே வைத்தாள். நான் பழக்கத்தில் குண்டூசி அட்டையை நீட்டினேன். அவள் அதை என் பக்கமே தள்ளினாள்.

"பசை குடுங்க."

"நல்லா யோசிச்சீங்களா? ஒட்டுனா எடுக்க வராது."

"எடுக்க வேணாம். வாப்பாக்கள்லாம் ஆகஸ்டுல வருவாங்க. அது நிச்சயம்."

"லம்ஜத்...?"

"பதினாலு நாற்காலி போடுவேன். பதிமூணு போட்டா மராம் எண்ணிருவா." சீட்டின் முதுகில் விளிம்பு வரை பசை தடவி, வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள். காய்ந்து எவ்வளவோ நேரமாகியும் கையை எடுக்கவில்லை.

அந்த ஆகஸ்டு நடுவில் ஒரு வாரம் பள்ளி திறந்தது. லியோனில் லாரி ஓட்டுகிறவனும் பிராங்க்ஃபர்ட்டில் கோழி வெட்டுகிறவனும் முழங்கால் காதைத் தொடக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மீனவர்கள் வலை நாற்றத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு நாற்காலி உடைந்தது. ஒரு பிள்ளை தன் வாப்பாவின் மீசையை வரைய மூன்று கறுப்புச் சாக்கட்டியைத் தேய்த்துத் தீர்த்தது. ஃபௌஸியா இரண்டு தட்டு கூஸ்கூஸ் சாப்பிட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, கப்பலை நினைத்துப் பெருமூச்சு விட்டார். கப்பலை யாரும் வரையவில்லை.

மராமுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நாற்காலி காலியாக இருந்தது. யாராவது உட்காரப் போனால் அவள் கையை நீட்டி மறித்தாள். நானே மறிக்கப்பட்டவன்தான். அவள் தன் தாளில் மூன்று பேரை வரைந்திருந்தாள். மூன்றாவது ஆளுக்குப் புருவம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை கப்பல் போயிற்று. தீவு பந்தல் பிரித்த இடம் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை ஸிஹாம் வந்தாள்.

"மேசையைக் காலி பண்ணுங்க அண்ணே."

புதுத் தாள். செப்டம்பரிலிருந்து ஆகஸ்டு வரை இந்த முறை பன்னிரண்டு கட்டம். கலயம், வேலி, மழை, ரொட்டி எல்லாம் ஒட்டியாயிற்று. குடும்பத்தை ஆகஸ்டிலேயே ஒட்டினாள். நோன்புச் சீட்டைப் பதினோரு நாள் அளந்து இடப்பக்கம் நகர்த்தினாள்.

"எத்தனை குண்டூசி?" என்றேன்.

"ஒண்ணு போதும். நோன்புக்கு மட்டும்."

குண்டூசி அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, பொத்தான் கேட்டு வந்த ஒரு கிழவருக்குப் பதில் சொல்லப் போனேன். வரிசைக்குப் பத்தாகக் குத்தி வருகிற புது அட்டை. நான் திரும்பி வருவதற்குள் ஸிஹாம் தாளைச் சுருட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தாள்.

அட்டையை எடுத்து மாட்டும்போதுதான் கவனித்தேன். வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது.